வைஃபை காணாமல் போன 60 நொடி

(எபிசோடில் பேசியதைத் திருத்தி, சுருக்கி எழுத்தாக்கியிருக்கோம். கட்டளைகளை வாயால் சொன்ன மாதிரியே தமிழில் கொடுத்திருக்கோம். டைப் பண்ணும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. ‘புள்ளி’ன்னு சொன்ன இடத்தில் ஒரு புள்ளி வைக்கணும்.)

இன்னிக்கு ஒரு குற்ற உணர்ச்சியோட ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி வரை வேளச்சேரியில் ரெண்டு நண்பர்களோட ஒரு ஃபிளாட்டில் இருந்தேன். ஒருநாள் காலை 11 மணிக்கு ரூம்மேட் ஒருத்தனுக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. கடைசி ரவுண்டு. மேலே அயர்ன் பண்ண சட்டை, கீழே ஷார்ட்ஸ், ரெடியா உட்கார்ந்திருந்தான். 10:40-க்கு ஒரு டெஸ்ட் கால் போட்டுப் பார்த்தோம். என் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்னுடுச்சு. “மச்சி, ஏதாவது பண்ணுடா”ன்னான்.

வீட்டு வைஃபைக்கு நான்தான் பொறுப்பு. லேப்டாப்பைத் திறந்து, கருப்புத் திரையில் மூணு வரி டைப் பண்ணி, வைஃபை ஓடுற சேனலை மாத்தினேன். என்டர் தட்டினேன். வைஃபை காணோம்.

பத்து நொடி. இருபது. முப்பது. லிஸ்டில் பக்கத்து வீட்டுப் பேரெல்லாம் வருது, எங்க பேர் மட்டும் இல்ல. 45 நொடி ஆகியிருக்கும், எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. ஸ்டூலில் ஏறி, பெட்டிக்குப் பின்னாடி இருந்த ரீசெட் பட்டனை அழுத்திப் பிடிச்சேன்.

இன்னும் கால் நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா வைஃபை தானா வந்திருக்கும். அது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது.

இன்னிக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். கட்டளை வரியில் ஒரு வைஃபை பெட்டியை எப்படிக் கையாளுறது, அதில் எது பாதுகாப்பு, எது ஆபத்து. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வெச்சுக்கிட்டுக் கேளுங்க: வைஃபை வழியா உள்ளே போய் வைஃபையையே மாத்துறது, உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டுற வேலை. வெட்டலாம். இன்னொரு கிளையில் ஒரு காலை வெச்சுக்கிட்டு வெட்டணும்.

பெட்டிக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ‘ரவுட்டர்’, ‘ஆக்சஸ் பாயின்ட்’ ரெண்டையும் நாம ஒண்ணாத்தான் சொல்றோம். ரவுட்டர்ங்கிறது உங்க வீட்டை வெளியுலக இன்டர்நெட்டோட சேர்க்கிற வேலை. ஆக்சஸ் பாயின்ட்ங்கிறது கேபிளில் வர்றதைக் காற்றில் ரேடியோ அலையா அனுப்புற வேலை. பெரும்பாலான வீடுகளில் ரெண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யுது.

எங்க ஃபிளாட்டில் தனித்தனி. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி ஹாலில். அதோட வைஃபை பெட்ரூம் வரைக்கும் எட்டல. அதனால அதை அணைச்சுட்டு, ஒரு பழைய ரவுட்டரை நடு வழியில் மாட்டி, ஹாலில் இருந்து லேன் கேபிள் இழுத்து, அதை வெறும் ஆக்சஸ் பாயின்டா ஓடவிட்டேன். அதில் நான் போட்டிருந்த மென்பொருள் ஓப்பன் டபிள்யூஆர்டி.

இந்தப் பேருக்கு ஒரு கதை இருக்கு. 2002 கடைசியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி-ன்னு ஒரு வைஃபை ரவுட்டரை வித்தாங்க. 2003-ல் சிலர் தோண்டிப் பார்த்தப்ப, உள்ளே ஓடுறது லினக்ஸ்னு தெரிஞ்சுது. லினக்ஸோட உரிமம் என்ன சொல்லுதுன்னா, அதை வெச்சு ஒரு பொருள் வித்தா அதுக்கான மூல நிரலையும் கொடுக்கணும். அழுத்தம் வந்துச்சு, கம்பெனியும் நிரலை வெளியிட்டாங்க. அதை அடித்தளமா வெச்சு 2004-ல் தொடங்கினதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. அந்த ரவுட்டரோட மாடல் எழுத்துகள்தான் இன்னும் பேரில் ஒட்டிக்கிட்டிருக்கு.

இதுக்கு அர்த்தம் என்ன? உங்க வீட்டு மூலையில் விளக்கு மின்னிக்கிட்டு நிக்கிறது ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர். அதுக்குத் திரையும் கீபோர்டும் இல்ல, அவ்வளவுதான். உங்க லேப்டாப்பை அதோட திரையாவும் கீபோர்டாவும் ஆக்கிக்கிறதுதான் கட்டளை வரி.

எல்லா ரவுட்டரிலும் ஓப்பன் டபிள்யூஆர்டி ஓடாது. ஒரே மாடல் பேரில் உள்ளே வேற வேற சிப் வெச்சு வரும். பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் வெர்ஷன் நம்பர் இருக்கும். அதைப் பார்த்து, திட்டத்தோட பட்டியலில் இருக்கான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். வாடகைக்குக் கொடுத்த ஃபைபர் பெட்டியில் முயற்சி பண்ணவே வேண்டாம்.

உள்ளே போற வழி

உள்ளே போக எஸ்எஸ்ஹெச். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவா இருந்தாலும் டெர்மினலைத் திறந்து, ‘எஸ்எஸ்ஹெச்’, இடைவெளி, ‘ரூட்’, அட் குறி, பெட்டியோட முகவரி. புதுசா போட்ட ஓப்பன் டபிள்யூஆர்டிக்கு முகவரி 192.168.1.1. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் வில்லன்.

முதல் தடவை உள்ளே போகும்போது பாஸ்வேர்டே இருக்காது. ‘பாஸ்டபிள்யூடி’ன்னு டைப் பண்ணி உடனே ஒண்ணு வெச்சுடுங்க. இந்த எஸ்எஸ்ஹெச் கதவை வீட்டுக்குள்ளே மட்டும் திறந்து வைங்க. வெளியே இன்டர்நெட்டில் இருந்து வர்ற பக்கம் அது மூடியே இருக்கட்டும்.

முதல் வாரம் பார்க்க மட்டும்

கட்டளை வரின்னாலே எதையாவது உடைச்சிடுவோம்னு ஒரு பயம் இருக்கு. பார்க்கிற கட்டளைகள் எதையும் உடைக்காது. முதல் வாரம் அதோட நிறுத்திக்கோங்க.

முதல் கட்டளை: ‘யூசிஐ ஷோ வயர்லெஸ்’. உங்க வைஃபையோட மொத்த அமைப்பும் வரி வரியா வந்து விழும். ரேடியோ0, ரேடியோ1-ன்னு ரெண்டு ரேடியோ தெரியும். அதில் ‘பேண்ட்’னு ஒரு வரி இருக்கும், 2ஜி-ன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ், 5ஜி-ன்னா 5 கிகாஹெர்ட்ஸ். மொபைல் சிம்மோட 5ஜிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. எந்த நம்பர் எந்த பேண்ட்ங்கிறது பெட்டிக்குப் பெட்டி மாறும், அதனால ஊகிக்காதீங்க, பாருங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டளை உங்க வைஃபை பாஸ்வேர்டையும் அப்படியே பச்சையா காட்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு “ப்ரோ, இதில் என்ன தப்பு?”ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி அந்த வரியை மறைச்சிடுங்க.

ரெண்டாவது: ‘ஐடபிள்யூஇன்ஃபோ’, அப்புறம் இன்டர்ஃபேஸ் பேர், அப்புறம் ‘ஸ்கேன்’. புது வெர்ஷனில் பேர் ‘ஃபை0 கோடு ஏபி0’ மாதிரி இருக்கும், பழசில் ‘டபிள்யூலேன்0’. வெறும் ‘ஐடபிள்யூஇன்ஃபோ’ மட்டும் தட்டினா எந்தப் பேர்னு அதுவே சொல்லும். ஸ்கேன் பண்ணினா அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் எந்த சேனலில், எவ்வளவு பலமா கேட்குதுன்னு பட்டியல் வரும். அந்த சில நொடிகள் உங்க இணைப்பு கொஞ்சம் தடுமாறலாம், பதறாதீங்க.

அன்னிக்குக் காலையில் எங்க அபார்ட்மென்ட்டில் நான் பார்த்தது இதுதான்: 5 கிகாஹெர்ட்ஸில் பாதி பேர் 36-ல, மீதி பேர் 149-ல. இது தற்செயல் இல்ல. இப்போ வர்ற ரவுட்டர்கள் வேகத்துக்காக 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கும். 36, 40, 44, 48 நாலும் சேர்ந்தாத்தான் அந்த அகலம் ஒண்ணு கிடைக்கும். 149, 153, 157, 161 சேர்ந்தா இன்னொண்ணு. தனி நிபந்தனை இல்லாத அகலப் பாதை இந்த ரெண்டுதான். அதனால ஒரு அபார்ட்மென்ட்டில் 20 வீடு இருந்தா 20 வீடும் இந்த ரெண்டு பாதையிலதான் நெருக்கியடிக்கும். நடுவில் 52-ல் இருந்து 144 வரைக்கும் காலியா கிடந்துச்சு. நான் 100-ஐப் பார்த்தேன். யாருமே இல்ல. ஏன் யாருமே இல்லன்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்கல.

மூணாவது: ‘ஐடபிள்யூ டெவ்’, இன்டர்ஃபேஸ் பேர், ‘ஸ்டேஷன் டம்ப்’. இப்போ யாரெல்லாம் இணைஞ்சிருக்காங்க, ஒவ்வொருத்தரோட சிக்னல் எவ்வளவுன்னு காட்டும். சிக்னல் மைனஸில் வரும். மைனஸ் 45-ன்னா பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கீங்க. வீடியோ கால் நிம்மதியா ஓட மைனஸ் 67 அல்லது அதைவிட மேல இருந்தா நல்லது. மைனஸ் 80-ன்னா கஷ்டம். 3 டெசிபல் குறைஞ்சா பவர் பாதியாயிடுச்சுன்னு அர்த்தம். அதனால 67-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறது சின்ன வித்தியாசம் கிடையாது, 20 மடங்கு.

இதில் ஒரு நுட்பம். உங்க போனில் தெரியுற கோடுகள், பெட்டி பேசுறது போனுக்கு எவ்வளவு கேட்குதுங்கிறது. ஸ்டேஷன் டம்ப் காட்டுறது, போன் பேசுறது பெட்டிக்கு எவ்வளவு கேட்குதுங்கிறது. ரெண்டும் வேற. ஆடி மாசம் தெருமுனையில் கட்டுற குழாய் ஸ்பீக்கர் தெரு முழுக்கக் கேட்கும். உங்க வீட்டு ஜன்னலில் இருந்து “சத்தத்தைக் குறைங்கண்ணே”ன்னு நீங்க கத்துறது மைக்செட்காரருக்குக் கேட்குமா? அதே கதைதான். ‘சிக்னல் வரலை’ன்னு பெட்டியோட பவரை ஏத்துறது ஸ்பீக்கர் சத்தத்தை ஏத்துற மாதிரி, போனோட குரல் அப்படியேதான் இருக்கும். போனில் கோடு முழுசா இருந்தும் கால் திக்குதுன்னா இந்தப் பட்டியலைப் பாருங்க. மருந்து பெரும்பாலும் பெட்டியை இடம் மாத்துறதுதான்.

ப்ரூஃப், அச்சு, விநியோகம்

இப்போ மாத்துறதுக்கு வருவோம். ஓப்பன் டபிள்யூஆர்டியில் ஒரு மாற்றம் மூணு படியா நடக்கும். கல்யாணப் பத்திரிகை அடிச்ச அனுபவம் வீட்டில் இருந்தா சட்டுனு புரியும்.

முதல் படி ‘யூசிஐ செட்’. உதாரணமா, ‘யூசிஐ செட் வயர்லெஸ் புள்ளி ரேடியோ0 புள்ளி சேனல்’, சமம், 100. இது ப்ரூஃபில் பேனாவால் திருத்துற மாதிரி. பெட்டியோட தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கு. இப்போ ‘யூசிஐ சேஞ்சஸ்’னு தட்டினா நீங்க திருத்தினதை மட்டும் காட்டும். இங்கேதான் நிதானமா படிக்கணும். தாய்மாமா இனிஷியல் தப்பா இருந்தா இங்கேயே பிடிச்சிடணும். வேண்டாம்னு தோணினா ‘யூசிஐ ரிவர்ட் வயர்லெஸ்’, திருத்தம் எல்லாம் போயிடும்.

ரெண்டாவது படி ‘யூசிஐ கமிட் வயர்லெஸ்’. பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. பெட்டியை அணைச்சுப் போட்டாலும் இனி இது நிக்கும்.

மூணாவது படி ‘வைஃபை ரீலோட்’. பத்திரிகையை ஊருக்குக் கொடுத்தாச்சு. ரேடியோ புது அமைப்பில் எழுந்திரிக்கும்.

போன் ஆப்பில் இந்த மூணும் ஒரே ‘சேவ்’ பட்டனுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு. கட்டளை வரியில் எனக்குப் பிடிச்சதே இதுதான்: திருத்தினதுக்கும் நடைமுறைக்கு வர்றதுக்கும் நடுவில் நின்னு படிக்க ஒரு இடம் இருக்கு. அந்த இடத்தில் நிக்காம ஓடினா ஆப்பே தேவலாம். நான் அன்னிக்கு மூணு கட்டளையையும் மூச்சு விடாம அடிச்சேன்.

அந்த 60 நொடியில் என்ன நடந்துச்சு

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் யூஎஸ்பி-லேன் அடாப்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து, கேபிளில் லேப்டாப்பை நேரா பெட்டியோட சேர்த்தேன். எல்லாத்தையும் முதலில் இருந்து அமைச்சுட்டு, அதே தப்பை வேணும்னே திரும்பப் பண்ணினேன். இந்தத் தடவை இன்னொரு ஜன்னலில் ‘லாக்ரீட் கழித்தல் எஃப்’ ஓடிக்கிட்டிருந்துச்சு. அது பெட்டியோட நாட்குறிப்பு. நடக்க நடக்க எழுதிக்கிட்டே போகும்.

சேனல் 100-க்கு மாத்தி ரீலோட் தட்டினதும் ஒரு வரி வந்துச்சு: டிஎஃப்எஸ், சிஏசி ஸ்டார்ட், சேனல் 100, நேரம் 60 நொடி. அப்புறம் அமைதி. சரியா ஒரு நிமிஷம் கழிச்சு: சிஏசி முடிந்தது, வெற்றி. அடுத்த வரி: ஆக்சஸ் பாயின்ட் இயங்குது. போனில் எங்க வைஃபை பேர் வந்துடுச்சு. நான் தரையில் உட்கார்ந்துட்டேன்.

விஷயம் இதுதான். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதி நமக்கு மட்டும் சொந்தம் இல்ல. வானிலை ரேடார், ராணுவ ரேடார் எல்லாம் அங்கே வேலை பார்க்குது. அவங்கதான் முதல் உரிமைக்காரங்க. வைஃபை அங்கே தங்கலாம், ஆனா வீட்டுக்காரர் வந்தா இடத்தைக் காலி பண்ணணும். அதுக்கான ஏற்பாட்டுக்குப் பேர் டிஎஃப்எஸ். அந்தச் சேனலில் வாய் திறக்கிறதுக்கு முன்னாடி பெட்டி பொதுவா 60 நொடி சும்மா காதை வெச்சுக் கேட்கணும். ரேடார் சத்தம் இல்லன்னா பேச ஆரம்பிக்கலாம். பேசிக்கிட்டிருக்கும்போது ரேடார் கேட்டா சில நொடிகளில் வேற சேனலுக்குப் போயிடணும், அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடாது.

அதாவது எங்க பெட்டி அன்னிக்கு ஒழுங்காத்தான் இருந்துச்சு. சட்டப்படி வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. நான்தான் அது செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.

சிலர் இதைத் தவிர்க்க அமைப்பில் ‘கன்ட்ரி’ங்கிற இடத்தில் வேற நாட்டோட எழுத்தைப் போடுவாங்க. பண்ணாதீங்க. இந்தியாவில் வைஃபைக்குத் தனி உரிமம் வாங்கத் தேவையில்ல. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியையும் அப்படித் திறந்துவிட்டாங்க. ஆனா உரிமம் வேண்டாம்னா நிபந்தனையும் இல்லன்னு அர்த்தம் கிடையாது. அந்த இடத்தில் ‘ஐஎன்’ இருக்கட்டும். நெரிசல்தான் பிரச்சினைன்னா இன்னொரு வழி இருக்கு: ‘ஹெச்டிமோட்’ங்கிற வரியில் அகலத்தை 80-ல் இருந்து 40-க்குக் குறைங்க. உச்ச வேகம் குறையும், ஆனா அக்கம்பக்கத்தோட மோதுறதும் குறையும். வீடியோ காலுக்கு அது தாராளம்.

ரீசெட் பண்ணின சேதம்

இப்போ அந்தக் காலைக்குத் திரும்புவோம். பட்டனை அழுத்தினேனே, என்ன ஆச்சு?

ஒண்ணு, ஓப்பன் டபிள்யூஆர்டி பிறந்த நிலைக்குப் போனா பெரும்பாலான பெட்டிகளில் வைஃபை அணைஞ்சே இருக்கும். பாதுகாப்புக்காக அப்படி. கேபிள் போட்டு உள்ளே போய் நாமதான் இயக்கணும். என் லேப்டாப் மெல்லிசு, லேன் போர்ட்டே கிடையாது.

ரெண்டு, நான் அந்தப் பெட்டிக்கு 192.168.1.2-ன்னு முகவரி வெச்சிருந்தேன். ரீசெட் ஆனதும் அது 192.168.1.1-க்குத் திரும்பிடுச்சு. ஹாலில் இருந்த ஃபைபர் பெட்டிக்கும் அதே 192.168.1.1. ஒரே தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். தபால்காரர் எங்கே போவார்? போதாததுக்கு, புதுசா வர்றவங்களுக்கு முகவரி கொடுக்கிற வேலையையும் ரெண்டு பெட்டியும் போட்டி போட்டுக்கிட்டுச் செய்ய ஆரம்பிச்சுது.

மூணு, ஃபைபர் பெட்டியோட வைஃபையையும் நான்தானே அணைச்சு வெச்சிருந்தேன். ஆக மொத்தம் வீட்டில் எந்தக் கதவும் இல்ல.

மணி 10:52. ரூம்மேட் ஒண்ணும் பேசல. போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணிட்டு, சிக்னல் கொஞ்சம் நல்லா வர்ற பால்கனிக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போனான். கீழே தண்ணி லாரி ஹாரன். நடுவில் ரெண்டு தடவை கால் கட் ஆச்சு. அந்த வேலை அவனுக்குக் கிடைக்கல.

திரும்பி வர்ற வழி

அன்னிக்கு அப்புறம் நான் கடைப்பிடிக்கிற நாலு பழக்கத்தைச் சொல்றேன்.

முதல் பழக்கம், நகல். ‘சிஸ்அப்கிரேட் கழித்தல் பி’, அப்புறம் டிஎம்பி ஃபோல்டரில் ஒரு ஃபைல் பேர். மொத்த அமைப்பும் ஒரே சுருக்க ஃபைலா வந்துடும். டிஎம்பி பெட்டி அணைஞ்சா அழிஞ்சுடும், அதனால உடனே லேப்டாப்புக்கு இழுத்துக்கணும். அதுக்கு ‘எஸ்சிபி’. புது லேப்டாப்பில் ‘எஸ்சிபி’ அடிச்சதும் பிழை வந்தா பயப்படாதீங்க; கழித்தல் குறியோட பெரிய எழுத்து ஓ சேர்த்துப் பாருங்க. புது எஸ்சிபி வேற முறையில் பேசுது, இந்தக் குட்டிப் பெட்டிக்குப் பழைய முறைதான் தெரியும். இந்த ஒரு ஃபைல் என்கிட்ட இருந்திருந்தா மறுநாள் முழுக்க உட்கார்ந்து மறுபடி அமைச்சிருக்க வேண்டாம்.

ரெண்டாவது, ரெண்டு ரேடியோ இருக்கும்போது ஒண்ணில் உட்கார்ந்து இன்னொண்ணை மாத்துறது. நெரிசல்னு சொல்லி 2.4-ஐ நான் அணைச்சு வெச்சிருந்தேன். மெதுவானாலும் அது ஒரு பின்வாசல். பின்வாசலைச் சுவர் வெச்சு அடைக்கக்கூடாது. முடிஞ்சா கேபிளில் உட்கார்ந்து மாத்துங்க, அது இன்னும் உத்தமம்.

மூணாவது, டைமர். இதுதான் முக்கியம். மாத்துறதுக்கு முன்னாடி இப்போ இருக்கிற வயர்லெஸ் ஃபைலை, அதாவது ஈடிசி-க்குள்ளே கான்ஃபிக்-க்குள்ளே இருக்கிறதை, ரூட் ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துக்கோங்க. அப்புறம் ‘திரும்பு’ன்னு பேர் வெச்சு நாலே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. முதல் வரி: 180 நொடி தூங்கு. ரெண்டாவது: டிஎம்பி-யில் ‘ஓகே’ன்னு ஒரு ஃபைல் இருந்தா எதுவும் செய்யாம வெளியே போயிடு. மூணாவது: பழைய நகலை அதோட இடத்தில் திரும்ப வை. நாலாவது: வைஃபை ரீலோட்.

முதலில் பழைய ‘ஓகே’ ஃபைல் ஏதாவது கிடந்தா அழிச்சிடுங்க. அப்புறம் இந்த ஸ்கிரிப்டைப் பின்னணியில் ஓடவிடுங்க, கடைசியில் ஒரு ஆம்பர்சண்ட் குறி போட்டா போதும். அதுக்கு அப்புறம்தான் கமிட், ரீலோட். வைஃபை வந்து, உள்ளே திரும்பப் போக முடிஞ்சா, ‘டச்’ கட்டளையால் அந்த ‘ஓகே’ ஃபைலை உருவாக்குங்க. மாற்றம் நிலைச்சுடும். உள்ளே போக முடியலன்னா ஒண்ணும் பண்ண வேண்டாம். மூணு நிமிஷத்தில் பெட்டி தானா பழைய நிலைக்கு வந்துடும். இடையில் பிளக்கை மட்டும் பிடுங்காதீங்க. அணைஞ்சா டைமரும் செத்துடும், கமிட் ஆன புது அமைப்புதான் எழுந்திரிக்கும். ஏன் 180-ன்னு இப்போ உங்களுக்கே தெரியும். 60 நொடி ரேடாருக்குப் போயிடும். 30-ன்னு வெச்சிருந்தா நல்ல மாற்றத்தையே பெட்டி திருப்பி எடுத்திருக்கும்.

இது நான் கண்டுபிடிச்ச தந்திரம் கிடையாது. நெட்வொர்க் வேலையில் இருக்கிறவங்களுக்கு இது ரொம்பப் பழைய பழக்கம். சிஸ்கோ கருவிகளில் கட்டளை அடிச்ச உடனே அமலுக்கு வரும், ஆனா தனியா சேமிக்கணும். அதனால வேலை ஆரம்பிக்கும்போதே ‘ரீலோட் இன் 10’ன்னு போடுவாங்க, மாட்டிக்கிட்டா 10 நிமிஷத்தில் கருவி தானா மறுதொடக்கம் ஆகி, சேமிச்ச பழைய நிலைக்கு வந்துடும். ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’. மைக்ரோடிக்கில் ‘சேஃப் மோட்’, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினா போதும். இணைப்பு அறுந்தா செஞ்சதெல்லாம் ரத்து. ஓப்பன் டபிள்யூஆர்டியோட இணையப் பக்கத்திலும், மாத்தினதுக்கு அப்புறம் உங்க பிரவுசர் பெட்டியைத் தொட முடியலன்னா தானா பழையதுக்குத் திரும்புற வசதி இருக்கு. கட்டளை வரியில் அந்தக் காவலாளி கிடையாது. நாமதான் நிறுத்தணும்.

நாலாவது பழக்கம் ரொம்பச் சின்னது. பதறும்போது ரீசெட் பட்டன் பக்கம் போகாம லாக்ரீட் பக்கம் போறது. லாக் படிக்க முடியாத நிலைமைன்னா போனில் ரெண்டு நிமிஷம் டைமர் வெச்சுட்டு உட்கார்றது. ரெண்டு நிமிஷம் கழிச்சும் வரலன்னா அப்புறம் யோசிக்கலாம்.

இன்னும் ஒண்ணு, இது கட்டளையே இல்ல. யாராவது முக்கியமான வேலையில் உட்காரப் போறாங்கன்னா, அதுக்கு 20 நிமிஷம் முன்னாடி வைஃபையில் கை வைக்காதீங்க. எவ்வளவு தெரிஞ்சாலும். “ஹாட்ஸ்பாட்டில் உட்காருடா, சாயந்தரம் பார்த்துக்கலாம்”னு சொல்லியிருந்தா போதும்.

இந்த வார இறுதியில் உங்களுக்கு வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணு. உள்ளே போய் ஸ்டேஷன் டம்ப் மட்டும் தட்டிப் பாருங்க. போனைக் கையில் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு அறையா நடந்து, எந்த இடத்தில் மைனஸ் 67-ஐத் தாண்டி இறங்குதுன்னு குறிச்சுக்கோங்க. எதையும் மாத்த வேண்டாம்.

அப்புறம் என் ரூம்மேட். நாலு மாசம் கழிச்சு அவனுக்கு வேற இடத்தில் வேலை கிடைச்சுது. முதலில் தவறினது என்னாலதானா, இல்ல கேள்விக்குப் பதில் சரியா வரலையான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்கல, அவனும் சொல்லல. ஆனா அந்த ரெண்டாவது இன்டர்வியூ அன்னிக்குக் காலையில் என் லேப்டாப்பை எடுத்து அவன் பீரோவில் வெச்சுப் பூட்டிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டான். “கோச்சுக்காத மச்சி”ன்னான். நான் கோச்சுக்கல. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.